உங்களுக்குத் தெரியுமா? தோல் ஊரும் தச்சுப் பட்டறையும்

பேரணாம்பட்டு என்றதும் தோல்தான் நினைவுக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பரந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றுவிட்டது.

தோல் ஊரில் ஆசாரிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மரம் இல்லாமல் இங்கே தோல் பதப்படாது. தோல் இல்லாமல் பல நூறு ஆண்டுகள் மரமும் ஒட்டியதில்லை. தச்சர் கையில் புழங்கும் பசை, திருகாணி, கீல், பூட்டு, மேசை ஆகியவற்றையும், அவற்றை யோசித்துச் செய்தவர்களையும் இந்த வாரம் ஒரு சுற்று பார்ப்போம்.

சுழலும் மரம்

தோல் பதனிடும் ஆலைக்குள் போனால் ஆள் உயரத்தைத் தாண்டிய மர உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும். எல்லோரும் டிரம் என்பார்கள். ஏன் இரும்பில் செய்யவில்லை? உப்பும் அமிலமும் இரும்பை அரித்துவிடும். இரும்பு பட்ட தோலும் கறைபடும். மரப்பலகையோ நனைந்தால் ஊதும். ஊதினால் பலகைகளுக்கு நடுவில் உள்ள சந்து தானாக அடைபடும். அதனால்தான் டிரம்மை நாள்கணக்கில் காயப்போடக் கூடாது. பலகை சுருங்கி ஒழுகத் தொடங்கிவிடும்.

உள்பக்கம் வரிசையாக மர முளைகள் இருக்கும். சுழலும்போது அவை தோலை அள்ளி மேலே தூக்கித் தொப்பென்று கீழே போடும். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினைத் திறந்து பாருங்கள். அதே முளைகள் பிளாஸ்டிக்கில் இருக்கும்.

வச்சிரம் என்றால் மீன் இல்லை

மீன் கடையில் கேட்பது வஞ்சிரம். தச்சர் கேட்பது வச்சிரம். வைரத்துக்கும் இந்திரனின் ஆயுதத்துக்கும் உள்ள பெயரை நம் ஊரில் ஒரு பசைக்கு வைத்திருக்கிறார்கள். தோலைச் சீவும்போது கழியும் சவ்வையும் ஓரத் துண்டுகளையும் சுண்ணாம்பில் ஊறவைத்து, கழுவி, கொதிக்கவிடாமல் வேகவைத்தால் அவற்றில் உள்ள கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். அதை வற்றவைத்து உலர்த்தினால் வச்சிரக் கட்டி தயார்.

இந்தப் பசைக்கு நேரடி நெருப்பு ஆகாது. சூடு மிஞ்சினால் ஒட்டும் வலு போய்விடும். அதனால் தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் பசைப் பாத்திரத்தை வைத்துச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்குவார்கள். தச்சுப் பட்டறைக்கென்றே உருவான பழைய சாதனங்களில் இந்த இரட்டைப் பாத்திரமும் ஒன்று.

பிரியத் தெரிந்த பசை

1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்து மன்னன் தூத்தன்காமனின் கல்லறையில் கிடைத்த மரச்சாமான்களிலும் விலங்குப் பசை இருந்தது. வயலின் செய்பவர்கள் இன்றைக்கும் இதைக் கைவிடவில்லை. ஈரமும் சூடும் காட்டினால் இணைப்பு விட்டுக்கொடுக்கும். வயலினை உடைக்காமல் திறந்து பழுது பார்த்து மறுபடி ஒட்டலாம்.

மரக்கடைப் பியூன் கண்ட வழி

சட்டம் படித்துவிட்டு வக்கீல் தொழிலுக்குப் போகாத பல்வந்த்ராய் பாரேக், மும்பையில் ஒரு மர வியாபாரியிடம் பியூனாக வேலை பார்த்தார். மனைவியோடு மரக் கிடங்கிலேயே குடியிருந்தார். விலங்குப் பசையின் நாற்றம், அடுப்பு மூட்டும் அவஸ்தை, ஆறுவதற்குள் ஒட்டிவிட வேண்டிய அவசரம் என்று தச்சர்கள் பட்ட பாடு அவர் கண்ணெதிரிலேயே நடந்தது. 1959-இல் அவர் கொண்டுவந்த வெள்ளைப் பசைக்கு அடுப்பு வேண்டாம், வாடை இல்லை. அதுதான் ஃபெவிகால். முதலில் கடைகளை நம்பாமல் தச்சர்களிடமே நேராகக் கொண்டுபோனார்கள். பாரேக் 2013-இல் காலமானார்.

உப்புத்தாளில் உப்பு இல்லை

தச்சரும் பெயிண்டரும் சொல்லும் உப்புத்தாளில் ஒரு சிட்டிகை உப்பும் கிடையாது. கையில் உரசும் பரல் உப்புப் போலத் தெரிவது பெயருக்குக் காரணமாக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனின் ஜான் ஓக்கி கண்ணாடித் தூளைத் தாளில் ஒட்டிப் பெரிய அளவில் தயாரித்தார். தூளைத் தாளில் பிடித்துவைத்தது எது? மறுபடியும் தோல் பசைதான். ஈரம் பட்டால் பரல் உதிர்ந்துவிடும் என்ற குறை இதனால் வந்தது. 1921-இல் 3எம் நிறுவனம் தண்ணீரிலும் தேய்க்கக்கூடிய தாளைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது.

தாளின் முதுகில் உள்ள எண் கூடக் கூடப் பரல் சன்னமாகும். 60 முரடு, 400 வழவழப்பு.

ஆணியைச் சுற்றிக் கறுப்பு ஏன்?

ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய். இவற்றில் உள்ள டானின்தான் பச்சைத் தோலைப் பதமான தோலாக்குகிறது. அதே டானின் ஈரத்தில் இரும்பைச் சந்தித்தால் கருநீலமாகும். பழைய காலத்து எழுத்து மையும், கடுக்காய் ஊறிய துணியில் இரும்புக் கரைசலால் வரையும் கலம்காரிக் கறுப்பும் இந்தச் சேர்க்கைதான்.

டானின் மிகுந்த மரத்தில் சாதாரண இரும்பு ஆணி அடித்து மழையில் விட்டால், ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் படரும். வெளிக்கதவுக்குப் பித்தளை அல்லது எஸ்.எஸ். சாமான் போடச் சொல்லும் தச்சர் காசு பிடுங்கப் பார்க்கவில்லை, வேதியியல் பேசுகிறார்.

ஷூவும் சாவியும் சகோதரர்கள்

ஷூ தைக்க முதலில் வேண்டியது லாஸ்ட் எனப்படும் பாத அச்சு. இன்று பிளாஸ்டிக்கில் வருவது அன்று மரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டது. அமெரிக்கர் தாமஸ் பிளான்சார்ட் 1819-இல் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பக்கம் மாதிரி சுழலும். அதைத் தடவியபடி ஒரு சக்கரம் ஏறி இறங்கும். அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப இன்னொரு பக்கம் வெட்டும் சக்கரம் மரத்தைக் கடையும்.

துப்பாக்கிக் கட்டைக்காக யோசித்தது, பாத அச்சுக்கும் கோடாலிக் காம்புக்கும் கைகொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் மாற்றுச் சாவி வெட்டுபவரின் இயந்திரத்தைக் கவனியுங்கள். பழைய சாவியைத் தடவியபடி புதிய சாவி வெட்டுப்படும். அதே யோசனைதான்.

மூக்கில்லாத திருகாணி

இங்கிலாந்தில் ஜாப், வில்லியம் வையட் சகோதரர்கள் 1760-இலேயே திருகாணியை இயந்திரத்தில் செய்யக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அடுத்த 80 ஆண்டுகளுக்கும் மேலாக மரத் திருகாணிக்குக் கூர்மூக்கு இல்லை. முனை மொட்டையாகத்தான் இருக்கும். துளை போடாமல் மரத்தில் இறங்காது. தானே வழி தேடிக்கொள்ளும் கூர்முனைத் திருகாணிக்கு அமெரிக்காவில் 1846-இல்தான் காப்புரிமை வந்தது. பழைய அலமாரி வாங்கினால் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். மூக்கு மொட்டையாக இருந்தால் சாமான் நிஜமாகவே பழசாக இருக்கலாம்.

கை கிழிந்தது, சதுரம் பிறந்தது

பீட்டர் ராபர்ட்சன் கனடாவில் கருவிகள் விற்ற ஆள். வாடிக்கையாளர் முன்னால் ஸ்குரூ டிரைவரை இயக்கிக் காட்டும்போது, ஒற்றைக் கோடு போட்ட திருகாணித் தலையிலிருந்து அது வழுக்கிக் கையைக் கிழித்தது. வழுக்கவே வழுக்காத தலை எப்படி இருக்கும் என்று யோசித்தவர், சதுரக் குழி வைத்த திருகாணிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார்.

ஹென்றி ஃபோர்டின் கார் கம்பெனிக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் திருகாணி தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றார் ஃபோர்டு. ராபர்ட்சன் மறுத்துவிட்டார். சதுரக் குழி கனடாவோடு நின்றது.

ஸ்டார் வந்த கதை

நம் ஹார்டுவேர் கடையில் "ஸ்டார் ஸ்குரூ" என்று கேட்டு வாங்குவதன் அசல் பெயர் பிலிப்ஸ். கண்டுபிடித்தவர் பிலிப்ஸ் இல்லை. ஜான் தாம்சன் என்பவர். அவரிடமிருந்து உரிமையை வாங்கி, மெருகேற்றி, ஆலைகளின் கதவைத் தட்டியவர் ஹென்றி பிலிப்ஸ். 1930-களின் நடுவில் காடிலாக் கார் ஆலை அதை ஏற்றுக்கொண்டது. பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது. கண்டுபிடித்தவர் பெயர் நிற்பதும் விற்றவர் பெயர் நிற்பதும் அவரவர் ஜாதகம்.

ரசமட்டத்தில் ரசம் எங்கே?

பெயரில் பாதரசம் இருந்தாலும் குழாய்க்குள் இருப்பது ஆல்கஹால் போன்ற திரவம்தான். குளிரில் உறையாது, குமிழி சட்டென்று நகரும். பிரான்ஸின் மெல்கிசெடெக் தெவெனோ 1660-களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். குழாய் நேராகத் தெரிந்தாலும் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு இல்லையென்றால் குமிழி நடுவில் நிற்காது.

நாற்காலியை அறுத்தவர்

ரான் ஹிக்மன் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்தவர். லோட்டஸ் நிறுவனத்தில் ‘எலான்’ என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைத்தவர். 1961-இல் வீட்டில் ஒரு துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். பலகையைத் தாங்க மேசை இல்லை. கைக்குக் கிடைத்த நல்ல நாற்காலி ஒன்றின் மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது.

நம் தச்சர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாது. தரையில் உட்கார்ந்து, காலாலேயே கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நின்றுகொண்டு வேலை செய்கிறவருக்கோ பிடிமானம் வேண்டும். மடக்கித் தூக்கிப்போகக்கூடிய மேசை, மேல்பலகை இரண்டாகப் பிளந்து இடுக்கிபோலக் கட்டையைக் கவ்வும், ஒரு காலால் மிதித்துக்கொண்டால் ஆடாது. இதுதான் ஹிக்மன் செய்தது.

கருவி கம்பெனிகளிடம் கொண்டுபோனார். ஸ்டான்லி நிறுவனம் இது நூற்றுக்கணக்கில்கூட விற்காது, டஜன் கணக்கில்தான் போகும் என்று கைவிரித்தது. பிளாக் அண்ட் டெக்கரும் முதலில் வேண்டாம் என்றது. ஹிக்மன் தானே தயாரித்துக் கண்காட்சிகளில் விற்றார். விற்பனையைப் பார்த்த பிறகு 1970-களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் திரும்பி வந்தது. ‘ஒர்க்மேட்’ என்ற பெயரில் கோடிக்கணக்கில் விற்றது. ஒவ்வொரு மேசைக்கும் ஹிக்மனுக்கு ஒரு பங்கு. நகல் எடுத்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தவும் அவர் தயங்கவில்லை. 2011-இல் இறந்தபோது உலகம் அவரை நினைத்தது காரை வைத்து மட்டுமல்ல, மேசையை வைத்தும்தான்.

விரலை அறிந்த ரம்பம்

ஸ்டீவ் காஸ் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், காப்புரிமை வக்கீல், பொழுதுபோக்குக்குத் தச்சர். மின்சார வட்ட ரம்பம் விரலையும் மரத்தையும் பிரித்தறிந்தால் என்ன என்று 1999-இல் யோசித்தார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த மரம் கடத்தாது. செல்போன் திரை விரலை அறிவதும் இதே வகையில்தான். பல்லில் சதை பட்ட 5 மில்லிவினாடிக்குள் ஓர் அலுமினியக் கட்டை ரம்பத்தில் பாய்ந்து அதை நிறுத்திவிடும். சோதனைக்குச் சாசேஜைப் பயன்படுத்தினார்; பிறகு தன் விரலையே வைத்துக் காட்டினார். பெரிய கம்பெனிகள் உரிமை வாங்க முன்வராததால் ‘சாஸ்டாப்’ என்ற கம்பெனியைத் தானே தொடங்கினார்.

சுவரில் முளைத்த சாம்பல் நிறக் குழாய்

முன்பு சுவரில் அலமாரி மாட்ட, துளை போட்டு மரக்கட்டையைச் செருகி அதில் ஆணி அடிப்பார்கள். இன்று செருகும் நைலான் பிளக்கை 1958-இல் தந்தவர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர். பூட்டுத் தொழில் கற்றவர். 1,100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில். கேமராவோடு சேர்ந்து மின்னும் ஃபிளாஷ் விளக்கும் அவருடையதுதான். திருகாணி உள்ளே போகப் போக பிளக் விரிந்து சுவரைக் கவ்வும்.

ஒரு பெட்டியில் 36 நாற்காலி

வியன்னாவின் மிக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியில் ஆவியில் வளைத்த 6 மரத் துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். பிரித்து அனுப்பு, போன இடத்தில் பூட்டிக்கொள் என்ற வியாபாரம் ஐக்கியா வருவதற்கு முன்பே நடந்தது.

லாடத்தில் தொடங்கியவர்

சமையலறை அலமாரிக் கதவில் வெளியே தெரியாத கீல் இருக்கிறதே, அதற்காகத் தச்சர் துளைக்கும் குழியின் விட்டம் 35 மில்லிமீட்டர். எந்த நாட்டுக் கீல் வாங்கினாலும் பெரும்பாலும் அதே அளவுதான். இந்தத் துறையில் பெரிய பெயரான ஆஸ்திரிய நிறுவனம் பிளம் 1952-இல் தொடங்கியபோது செய்த முதல் பொருள் கீல் இல்லை. குதிரை வழுக்காமல் இருக்க லாடத்தில் பொருத்தும் குமிழ்.

வக்கீல் செய்த பூட்டு

அர்தேஷிர் கோத்ரெஜும் சட்டம் படித்தவர்தான். வக்கீல் தொழில் மனதுக்கு ஒத்துவராமல் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்தார். இந்தியத் தயாரிப்பு என்று முத்திரை குத்த வாங்குபவர் சம்மதிக்காததால் அதையும் விட்டார். 1897-இல் பம்பாயில் பூட்டுப் பட்டறை போட்டார்.

நம் பக்கத்தில் பூட்டு என்றால் திண்டுக்கல். கையால் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது நம் சென்னையில், கிண்டியில்.

சொம்பைப் புகழ்ந்த அறிக்கை

ஒட்டுப்பலகையை வளைத்து, காயம்பட்ட போர்வீரர்களின் காலுக்குச் சட்டம் செய்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்தது. 1958-இல் அவர்கள் எழுதிய அறிக்கை வானளாவப் புகழ்ந்த பொருள் எது தெரியுமா? தண்ணீர்ச் சொம்பு. எடை, பிடி, வாய் அகலம், கழுவும் வசதி என்று பார்த்துப் பார்த்து வியந்தார்கள். அந்த அறிக்கையின் வழியில் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

அங்கே 1969-இல் மரச்சாமான் வடிவமைப்புப் படிக்கப் போனவர் சென்னையைச் சேர்ந்த எம்.பி. ரஞ்சன். படித்த இடத்திலேயே ஆசிரியராகிப் பல பத்தாண்டுகள் மாணவர்களை உருவாக்கினார். மூங்கிலையும் நாட்டின் கைவினைகளையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்.

இந்தியாவின் முதல் காப்புரிமை

1856-இல் சட்டம் வந்தவுடன் கல்கத்தாவில் முதல் ஆளாக மனுப்போட்டவர் டிபென்னிங் என்ற பொறியாளர். எதற்கு? உத்தரத்தில் தொங்கும் பங்காவை இழுக்கும் இயந்திரத்துக்கு. வெயில்தான் நம் நாட்டின் முதல் கண்டுபிடிப்பாளர் போலும்.

1,600 ரூபாய் போதும்

கை கிழிந்தவர், நாற்காலியை அறுத்தவர், பசை நாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பட்டறையில் தினமும் எரிச்சல் மூட்டும் ஏதோ ஒன்றுதான் இவர்களை யோசிக்க வைத்தது. உங்கள் பட்டறையிலும் அப்படி ஒன்றுக்கு நீங்கள் வழி கண்டிருந்தால், தனிநபராக இணையவழியில் காப்புரிமைக்கு மனுப்போட அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் தயாராக இல்லையென்றால் தற்காலிக மனு போட்டு 12 மாதத்துக்குள் முடிக்கலாம். கிடைத்தால் உரிமை 20 ஆண்டு. பொருளின் தோற்றத்துக்கு மட்டும் என்றால் டிசைன் பதிவு: 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5.

ஒரே எச்சரிக்கை. மனுப்போடும் முன் பெருமையாக வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிடாதீர்கள். ஊருக்குத் தெரிந்துவிட்டதற்குப் புதுமை என்று உரிமை கேட்பது கஷ்டம்.

கடைசியாக, ஒரு தோல் வில்லை

அமெரிக்காவின் எஸ்ட்விங் சுத்தியல்களில் ஒரு வகைக்குக் கைப்பிடி முழுக்கத் தோல் வில்லைகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து அழுத்தி மெருகிட்டவை. கம்பெனி தொடங்கியது 1923-இல்.

கனத்த உளிகளிலும் இரும்பு முடிந்து மரப்பிடி தொடங்கும் இடத்தில் சின்னத் தோல் வில்லை ஒன்றைச் செருகுவார்கள். கொட்டாப்புளியால் அடிக்கும்போது அதிர்ச்சியைத் தோல் வாங்கிக்கொள்ளும், பிடி பிளக்காது. சாணை பிடித்த உளிக்குக் கடைசிக் கூர் ஏற்றவும் ஒரு தோல் பட்டையில் நாலு முறை இழுத்தால் போதும். சவரக்கத்திக்குச் செய்வதுபோலத்தான்.

இரண்டுக்கும் வேண்டியது உள்ளங்கை அளவு கழிவுத் தோல். பேரணாம்பட்டுத் தச்சருக்கு அதற்குப் பஞ்சமில்லை.